எத்தனை மாடி தூரம்

தில் பகதூருக்கு இருபத்தாறு வயது.
கிரியேட்டினின் மூன்று புள்ளி ஒன்று.
தாளை என் மேசையில் வைத்தபோது
ஜெசிந்தா எண்ணைச் சுற்றி வட்டம் போடவில்லை.
ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்
என்று மட்டும் சொன்னாள்.

வெளியே
தோஹா சனையாவின் ஜூன் மாதச் சாயங்காலம்.
லாரிப் புழுதிக்குள்
பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.

தினமும் சொல்வதைத்தான் சொன்னேன்,
தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தம்பி.
பானி. நீள்ளு. ஓபா. வதுர.
பல பாஷையில் பழகிவிட்ட ஒரே வாக்கியம்
எந்தப் பாஷையிலும் நனையவில்லை.

அவன் சிரித்தான். கேலி இல்லை அதில்.
முப்பத்தோராம் மாடியில் வேலை, சிஸ்டர்.
கழிப்பறை தரையில்.
லிஃப்ட் எங்களுக்காக நாளுக்கு இரண்டு முறைதான் இறங்கும்.
குடித்துவிட்டு எங்கே போவேன்?

கோப்பில் ஒரு கட்டம் உண்டு,
'அறிவுரையைப் பின்பற்றாதவர்.'
ஆறு வருடத்தில் எத்தனை பேருக்கு
அதில் டிக் அடித்திருப்பேன்?
அன்றிரவு படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்.
நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.
விட்டுவிட்டு எழுந்து
மேற்படிப்புக்கு எழுதிவைத்திருந்த ஆய்வுத் தலைப்பிலிருந்து
'விழிப்புணர்வு' என்ற சொல்லை அடித்தேன்.

மறுநாள் படிவத்தின் அடியில்
ஒற்றைக் கேள்வி ஒட்டினோம்.
கழிப்பறை எத்தனை மாடி தூரம்?

இது மருத்துவக் கேள்வியா என்றார் மேலாளர்.
உம்துர்மான்காரி டாக்டர் லுப்னா
கையெழுத்துப் போட்டபடியே, நிமிராமல்,
சிறுநீரகத்திடம் கேளுங்கள் என்றாள்.

பன்னிரண்டு.
இருபத்திரண்டு.
தெரியாது, போனதில்லை.
ஒருவன் எண்ணுக்குப் பதிலாக
ஒரு பாட்டில் படம் வரைந்திருந்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
ஷிஃப்ட் முடிந்தபின் உட்கார்ந்து அடுக்கியபோது
மாரிடெஸ் என் தண்ணீர் பாட்டிலை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
காலையில் நிரப்பியது, அப்படியே இருந்தது.
நீயும் ஒரு தாள் எடுத்துக்கொள் என்றாள்.

கடிதம். கூட்டம். இன்னொரு கூட்டம்,
எங்கள் நாற்காலிகள் சுவரோரம்.
பட்ஜெட் என்ற சொல்லை
எங்களுக்கு விளக்கினார்கள், மெதுவாக,
குழந்தைக்கு ஊட்டுவதுபோல.

நவம்பரில் ஒரு காலை,
பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன்.
கிரேன் கம்பியில் தொங்கியபடி
நீல நிறக் கழிப்பறை ஒன்று
வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது.
காற்றில் அதன் கதவு
திறந்து மூடித் திறந்தது.
ஜெசிந்தா எழுந்து நின்று கைதட்டினாள்,
டிரைவர் பயந்து பிரேக் போட்டார்.
இந்த ஊரில் நான் பார்த்த எந்த விமானமும்
அத்தனை அழகாக மேலே போனதில்லை.

தில் பகதூர் அதைப் பார்க்கவில்லை.
ஆகஸ்டிலேயே அனுப்பிவிட்டார்கள்.
வாரம் இரண்டு டயாலிசிஸ், சிஸ்டர்,
பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று
ஒரு குரல்செய்தி வந்தது.
பதில் சொல்ல நான்கு முறை அழுத்தி
நான்கு முறை விட்டேன்.

இன்று வரிசையில் முதல் ஆள் ஓபுலம்மா.
கடப்பாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள்.
மூன்றாம் முறையாகச் சிறுநீர்த் தொற்று.
எழுத வராது, கேள்வியைப் படித்துக் காட்டினேன்.
மாடிக் கணக்கு இல்லம்மா என்றாள்.
வீட்டில் ஏழு குளியலறை, நான்தான் கழுவுகிறேன்.
எனக்கானது வெளியே, டிரைவர் அறைக்குப் பின்னால்.
ராத்திரி வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

எங்கள் கேள்வியில் அதற்கு இடமில்லை.
பேனாவை எடுத்து, ஓரத்தில்,
கோணலாக ஒரு கட்டம் வரைகிறேன்.
ஜெசிந்தா எட்டிப் பார்க்கிறாள்.
ஸ்கேல் வேணுமா?