செவ்வாய்க்கிழமை அளக்கக் கூடாது

பட்டையைக் கையில் சுற்றும்போதே
தனவேணி கேட்டாள்:
"சீக்கிரம் ஆவுமா?
காக்கா பாத்துக்கினே இருக்கு."

கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் பின்புறம்,
மத்தி காயும் சிமெண்டுத் தரை.
கவிழ்த்த கூடைமேல் அவள்,
சாக்குமேல் நான்.
ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து
அப்புறம்தான் அளக்க வேண்டுமென்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த ஞாபகம்
அவளுக்குப் பிரசவ வார்டில்கூட இல்லையாம்.

நூற்று எழுபத்தெட்டு.
கீழே நூற்று ஆறு.

செயலி கேட்கிறது:
உப்பு அதிகம் சேர்ப்பவரா?
முழங்கை வரை பூத்திருக்கிறது அவளுக்கு.
உடற்பயிற்சி உண்டா?
விடியுமுன் மூன்று மணியிலிருந்து
ஏலத்துக்கும் களத்துக்கும் நடுவே
எத்தனை கூடையென்று அவளே எண்ணியதில்லை.
'இல்லை' என்று அழுத்தினேன்.
சுமப்பது பயிற்சியில் சேராது.

"உப்பக் கொறைங்கக்கா."
"கொறைச்சா புழு வச்சிடும்."
"மீன்ல இல்ல, சோத்துல."
"சோத்துக்குத் தொட்டுக்க
அதான இருக்கு."

போன மாதம் கொடுத்த முப்பது மாத்திரை
பதினைந்து நாளில் தீர்ந்திருந்தது.
பாதி அவள் வீட்டுக்காரருக்கு.
சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை;
ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால்
ஒருநாள் கூலி போய்விடும்.
"ஒரே வூட்டு ரத்தந்தான" என்று சிரித்தாள்.

கரண்ட் போன ஒரு ராத்திரி
செல்போன் வெளிச்சத்தில் பழைய நோட்டைப் புரட்டினேன்.
அப்போதுதான் தெரிந்தது,
அந்தத் தெரு கொதிப்பது
செவ்வாய்க்கிழமைகளில்.
பூங்காவனம் நூற்று அறுபத்து நாலு. செவ்வாய்.
அஞ்சலாட்சி நூற்று எழுபது. செவ்வாய்.
செவ்வாய் பத்து மணிக்கு
மைக்ரோ ஃபைனான்ஸ் தம்பி பைக்கில் வருவான்.
பத்துப் பேர் குழு.
ஒருத்தி பணம் வைக்காவிட்டால்
ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது.
மீனை நாய் இழுத்தாலும்,
பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலும்.

இதற்குச் செயலியில் கட்டம் இல்லை.
எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்:
வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.
அறுபத்து நாலு நாற்பத்தாறு ஆனது.
ஆரம்ப சுகாதார நிலையக் கூட்டத்தில்
கட்டுப்பாட்டு விகிதம் ஏறியதற்காக
எனக்குக் கைதட்டினார்கள்.
டீயும் ஒரு சமோசாவும்.
உப்பு சரியாக இருந்தது.

தனவேணி மட்டும் கிழமை பார்ப்பதில்லை.
முதலில் சொன்ன நூற்று எழுபத்தெட்டு
வியாழக்கிழமை எடுத்தது.

அங்கிருந்து பஸ் பிடித்தால் மஞ்சக்குப்பம்.
வில்வநாதன் சார் வீட்டில்
சாய்மானம் வைத்த நாற்காலி உண்டு.
ஐந்து நிமிடமும் உண்டு.
சொந்த மீட்டர், ஜப்பானில் செய்தது.
காலை, மதியம், இரவு,
நீல மையில் எழுதிய நோட்டு.
அவர் மீட்டரில் நூற்று இருபத்து நாலு,
என் மீட்டரில் நூற்று இருபத்தாறு.
அந்த இரண்டைப் பற்றி
அரைமணி நேரம் கவலைப்பட்டார்.
நல்ல மனிதர்தான். மோர் தரச் சொல்வார்.
மருமகள் மோரோடு
சானிடைசரும் பஞ்சும் கொண்டுவருவாள்,
பட்டையைத் துடைக்க.
அவள் கைக்கு வேலை வைக்காமல்
கெடிலம் பாலம் தாண்டும்போதே
பஸ்ஸில் நானே துடைத்துவிடுவது வழக்கம்.

போன வியாழன் துடைக்கவில்லை.
மறதி என்று சொன்னால் நம்புங்கள்.
தனவேணியின் கையிலிருந்து
நேரே அவர் கைக்குப் போனது பட்டை.
மூக்கு சுருங்கியது.
"என்னம்மா இது?"
என்றார், பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே.

நூற்று நாற்பத்தொன்பது.

"மீட்டர் ரிப்பேர்."
"இருக்கலாம் சார்."
"கழுவிட்டு இன்னொரு தடவை பாரு."

தோட்டத்துக் குழாயில் கழுவினேன்.
ஒட்டுப்பட்டையின் சின்ன முட்களுக்குள்
ஒரே ஒரு செதில்,
தண்ணீருக்கு அசையவில்லை.
நகத்தால் நோண்டியும் வரவில்லை.
இரண்டாம் தடவை நூற்று முப்பது.
அதைத்தான் அவர் நோட்டில் எழுதினார்.

நான் முதல் தடவையை ஏற்றிவிட்டேன்.