கசிவு

எங்கள் நிறுவனத்தில் யாரும் விலகிப் போவதில்லை.
கசிகிறார்கள்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் முதலில் வரும் எண்
கசிவு விழுக்காடு.
அதை அடைப்பதுதான் என் பிழைப்பு.

ஒவுலு நகரத்தில், ஐந்தாம் மாடியில்,
பிற்பகல் இரண்டரைக்கே இருட்டிவிடும் மாதத்தில்
நான் ஒரு சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.
இருக்கிறது என்று வழக்கறிஞர் வாதாடலாம்,
இல்லை என்று கண் சொல்லும்,
அந்தச் சாம்பல்.
'சந்தாவை நிறுத்து' என்ற இரண்டு சொல்லுக்கு
நாற்பத்தொரு மாதிரி போட்டுப் பார்த்தோம்.
வென்றது விரல்நுனியைவிடச் சிறியது.

பக்கத்திலேயே பச்சையாக ஒரு பொத்தான்,
அடுப்பிலிருந்து இறக்கிய பன் போல உப்பலாக:
'வேண்டாம், நான் இருக்கிறேன்.'
அந்த வாசகம் என்னுடையது.
அதற்காக ஒரு கேக் வெட்டினார்கள்.
மேலே கிரீமில் 2.1 என்று எழுதியிருந்தது.
புள்ளி என் துண்டில் வந்தது.
இனிப்பாகத்தான் இருந்தது.

வரவேற்பறைச் சுவரில் பிர்ச் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள்:
மனிதரே முதல்.
வட்டிக்கு விடுகிற முதல் என்று புரிய
எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

ராயிமோ கெட்டுகங்காஸ், கெமியார்வி.
வீட்டுக் காவல் பெட்டி, மாதம் பதினொன்று யூரோ தொண்ணூறு.
கதவு திறந்தால் சொல்லும், புகை வந்தால் சொல்லும்,
ஆள் விழுந்தால் சொல்லும்.
நவம்பரில் அவர் விழுந்தார்.
பெட்டி அப்போது
புதிய நிபந்தனைகளுக்கு ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கை ஹில்க்கா சந்தாவை நிறுத்த வந்தார்.
முதல் திரை: போகிறீர்களா? மனசு கனக்கிறது.
(கனத்தது என் எழுத்து.)
அடுத்த திரை: மூன்று மாதம் பாதி விலை.
அதற்கடுத்தது: காரணம் சொல்லுங்கள்.
விலை அதிகம், வீடு மாறுகிறேன், வேறு நிறுவனம், மற்றவை.
மற்றவையைத் தொட்டார்.
மற்றவையில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
'அண்ணன் இறந்துவிட்டா'
என்பதோடு நின்றுபோனது.

அப்புறம் லுமி வந்தது.
லுமி என்றால் எங்கள் மொழியில் பனி;
உரையாடல் இயந்திரத்துக்கு நாங்கள் சூட்டிய செல்லப்பெயர்.
லுமி கேட்டது:
'உங்கள் பாதுகாப்புக்காக, ராயிமோ கேமராவைப் பார்க்கட்டும்.
முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பட்டும்.'

மூன்று நாள் கழித்து ஹில்க்கா மறுபடி வந்தார்.
பதிவில் இருக்கிறது, நானே பார்த்தேன்.
கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள்
மீன்பிடித் தொப்பியோடு ராயிமோ.
தடித்த விரல்கள் இரண்டு பக்கமும் பிடித்து
அவரை மெல்ல இடப்பக்கம் திருப்புகின்றன.
கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிப் போகிறது.
லுமி சொன்னது: நன்றி.
இப்போது கண் சிமிட்டவும்.

அன்றிரவு நான் அந்தக் கணக்கை மூடப் பார்த்தேன்.
நிறத்தை மாற்ற எனக்கு அனுமதி உண்டு.
அளவை மாற்ற உண்டு.
அழுத்த இல்லை.

திங்கட்கிழமை கேட்டேன்,
இந்த 2.1 இல்லாத மீதியில்
செத்தவர்கள் எத்தனை பேர்?
கைசு கோப்பையைக் கீழே வைத்தார்.
'பணம் வந்துகொண்டுதானே இருக்கிறது?' என்றார்,
குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை,
உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம்.
யாரோ சிரித்தார்கள்.
அடுத்த திரை வந்தது.

டிசம்பர் பதினான்காம் தேதி
ராயிமோவின் வங்கியிலிருந்து பதினொன்று தொண்ணூறு வந்தது.
பதினேழாம் தேதி ஒரு பொட்டலம்,
துறையின் பெயருக்கு, ஆள் பெயர் இல்லாமல்.
உள்ளே முழங்கால்வரை வரும் கம்பளிக் காலுறை,
குதிகாலில் வேறு நிற நூலால் இழை ஓட்டியது.
காலுறைக்குள் பெட்டி.
கடிதம் கிடையாது.
உலுக்கிப் பார்த்தேன், காலுறையை உள்வெளியாகத் திருப்பினேன்.
கிடையாது.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது.
பேட்டரி இன்னும் தீரவில்லை.
பச்சையாக, நொடிக்கு ஒருமுறை,
சிமிட்டுகிறது.