ஜெராயின் அந்தப் பக்கம்

அறுநூறு மீட்டரில் கயிற்றை விட்டேன்.
இழுத்து வந்த விமானம் இடப்பக்கம் சரிந்து
சுங்கைப்பட்டாணித் திசையில் போய்விட்டது.
மிச்சம்
மடிக்கணினியின் விசிறிச் சத்தம்,
அடுத்த வீட்டில் யாரோ மூடாத குழாய்,
இஞ்சினே இல்லாத ஒரு வண்டி, நான்.
வெளியே இரவு பதினொன்று.
விளையாட்டில் எப்போதும் பகல் ஒன்றரை.

வேலை, பீடோங்கில் எடைமேடைக் கிராணி.
செம்பனை ஆலை வாசலில் லோரி ஏறும்,
எண் ஓடும், நிற்கும்.
நிறை எடைக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டு
வெறும் எடைக்கு இறங்கி நிற்பான் சந்திரகாசன்.
அறுபத்தெட்டுக் கிலோ பழம் அப்படி விளையும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

விமானியின் எடை என்ன என்று
முதல் நாளே கேட்டது விளையாட்டு.
எழுபத்தொன்று என்று உண்மையைப் போட்டேன்.
வேறெங்கும் போட்டதில்லை.

ஸ்டோரில் கழித்த இரண்டு ஸ்பிரிங்,
ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர்,
ஃபைருஸ் பற்றவைத்துக் கொடுத்த கம்பி:
இதுதான் என் சுக்கான் மிதி. வலது கொஞ்சம் இறுக்கம்.
முன்கண்ணாடியில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருக்கும்.
அது வலப்பக்கம் சாய்ந்தால் இடக்காலை மிதி.
நூல் கோணினால் நீ பறக்கவில்லை,
வழுக்குகிறாய்.

மூன்று வாரம் விழுந்தேன்.
நெடுஞ்சாலையில் ஒரு முறை,
மெர்போக் ஆற்றுச் சதுப்பில் நான்கு முறை,
ஒரு பள்ளித் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே.
கோல் என்றுகூடச் சொல்லலாம்.

சூடாகி எழும் காற்றுத்தூண் கண்ணுக்குத் தெரியாது.
அதன் ஓரத்தில் உரசினால் ஓர் இறக்கை மட்டும் தூக்கும்,
வண்டி உன்னை எதிர்ப்பக்கம் தள்ளும்.
தூக்கிய பக்கமே திரும்பு.
நாற்பது பாகை சாய்வு, மூக்கு அசையக் கூடாது.
கருவியின் கூவல் கூடினால் வட்டத்தைத் தளர்த்து,
முனகினால் இறுக்கு.
இறங்குகாற்றில் மாட்டிக்கொண்டால்
மூக்கைக் கவிழ்த்து வேகமெடுத்து ஓடு.
உயரத்தில் கஞ்சத்தனம் பிடித்தால்
மெதுவாக விழுவாய், முழுசாக விழுவாய்.
(யாராவது இதை வாழ்க்கைப் பாடமாக்கினால்
எடைமேடையில் ஏற்றி நிறுத்திவிடுவேன்.)

இன்று ஜெராயைத் தாண்ட வேண்டும்.
கடற்காற்று மேற்கே யான் பக்கச் சரிவில் மோதி ஏறும்.
நம் பக்கம் வருவது
ஏறி முடித்த காற்று, உருண்டு இறங்குவது.
முப்பத்தாறு வருடமாகத்
துணி காயும் கொடிக்குப் பின்னால் பார்த்த மலை.
இறங்கும் பக்கத்தில் குடியிருக்கிறேன் என்று
நேற்றுத்தான் தெரிந்தது.

நானூற்று முப்பது. இன்னும் இறங்குகிறது.
பதினான்காம் பிளாக்குக்கு ஓட்டினேன்.
மறுநடவுக்கு மரம் சாய்த்த செம்மண் அங்கே
வெறுமனே வெந்துகொண்டிருக்கிறது.
மத்தியானம் அதன்மேல் நான்கு பருந்து,
ஒரு தடவைகூட இறக்கை அடிக்காமல்.
எடைச்சீட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்,
சந்திரகாசன் ஹார்ன் அடிக்கும் வரை.

விளையாட்டின் பதினான்காம் பிளாக்கில்
மரங்கள் நிற்கின்றன.
பழைய படம். பச்சை, குளிர்ச்சி,
ஒரு கூவல் இல்லை.

இருநூற்றுத் தொண்ணூறு.
இறங்க இடம் தேடிய கண்ணில்
சாம்பல் பெட்டியாக ஆலை, அதன் முன்னே கருந்தார் முற்றம்.
என் மேடையை அவர்கள் வரையவே இல்லை.
இடது இறக்கை தூக்கியது.
திரும்பினேன்.
வலது மிதி கிறீச்சிட்டது, நூல் நேரானது,
வினாடிக்கு இரண்டு மீட்டர், இரண்டரை.
தினமும் நான் உட்காரும் இடத்துக்கு மேலே
எழுபத்தொரு கிலோ
சுற்றிச் சுற்றி ஏறிற்று.

ஆயிரத்து நூறில் மலையின் தெற்குத் தோள்.
நாற்பது மீட்டர் மிச்சம்.
மரங்களின் தலை, பிறகு மரமில்லை,
கருவி விடாமல் கூவுகிறது,
கடல் பாதி வந்திருந்தது,
டேட்டா தீர்ந்து படம் உறைந்தது.

காலையில் வெறும் எடைக்கு இறங்கினான் சந்திரகாசன்.
ஏறி உட்காரு என்றேன்.
ஏன் என்றான்.
பதினான்காம் பிளாக்கின் மேல் இன்று ஐந்து.