ஏழாவது பூச்சு

சனிக்கிழமை, மூடுபனி, காலை ஒன்பது.
காப்லின் கோவ் ஸ்டேஷனுக்கு
ரயிலைத் தவிர எல்லோரும் வந்துவிட்டோம்.

பதினெட்டு வருஷம் மீன் ஆலையில்
காட் மீன் அறுத்த கை இது.
மீன் தீர்ந்தது என்று ஆலையை மூடினார்கள்.
இப்போது இதில் ஒரு சுரண்டி.
காத்திருப்பு அறைச் சுவரில்
செதில் எடுப்பதுபோல் பெயின்ட் எடுக்கிறேன்.
வாலிலிருந்து தலைக்கு என்று பழக்கம்;
கீழிருந்து மேலே போகிறேன்.

முதலில் பழுப்பு. அதனடியில் சாம்பல்.
அதனடியில் யாரோ அவசரத்தில் அடித்த பச்சை;
பிரஷ் மயிர் ஒன்று கொசுவைப்போல்
அதிலேயே ஒட்டிக் கிடக்கிறது.
பிறகு வெள்ளை, பிறகு வெள்ளை, மறுபடி வெள்ளை,
ஒன்று புகையில் தேநீராகிவிட்டது.
ஏழாவதாக ஒரு சிவப்பு.
ரத்தச் சிவப்பு என்றான் பள்ளிக்கூடப் பையன்.
எனக்கு ரத்தம் தெரியும்.
இது மழையில் நனைந்த செங்கல்.

மியூசியத்திலிருந்து வந்தவள், பெயர் பெரனீஸ், பூட்ஸ் புதுசு,
"எந்த வருஷத்துக்குத் திருப்பலாம்?" என்றாள்,
நின்ற கடிகாரத்தை வைத்துக்கொண்டு
மணி கேட்பவளைப்போல.

"திறந்த வருஷம்" என்றார் அல்ஃபோன்சஸ்,
சிவப்பை விரலால் தேய்த்தபடி.
"யுத்த வருஷம்" என்றாள் டுல்சி.
அவள் வீட்டில் மூன்று பேர்
பச்சைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனார்கள்.
ஒருவர் வந்தார்.
லீண்டர் மட்டும் "பழுப்பு" என்றான்,
யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல்.
யாருக்கும் கேட்கவும் இல்லை.

லீண்டரைப் பற்றி ஊருக்கே தெரியும்.
தண்டவாளத்தைப் பிடுங்க கம்பெனி ஆள் எடுத்தபோது
போனவன் அவன். அப்போது இருபத்திரண்டு வயது.
ஆணி ஆணியாக, மைல் மைலாக
கிழக்கேயிருந்து நெம்பிக்கொண்டே வந்து
இந்த நடைமேடையில் உட்கார்ந்துதான்
மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தான்.
என் அக்கா பியூலா
அவனுக்கு வெந்நீர்கூடத் தரவில்லை.

அவன்தான் இப்போது கூரைமேல் முதலில் ஏறினான்.
எவனோ கோழி அடைத்திருந்த சரக்கு அறையில்
முழங்கால் உயர எச்சத்தை
மூன்று சனிக்கிழமை தனியாக அள்ளினான்.
"காசு வாங்கிப் பிரித்ததை
சும்மா பூட்டிக் கொடுக்கிறான்" என்றாள் டுல்சி.
கிண்டலா கோபமா, சொல்ல முடியவில்லை;
அவள் வாயில் நாலு ஆணி இருந்தது.

பதினோரு மணி இருக்கும்.
டிக்கெட் அறை அலமாரியை நகர்த்தினோம்.
பின்னால், கதவுநிலையில், கோடுகள்.
நாலு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
அடுத்த நாலு, அடுத்த குறுக்கு.
நிலையின் தலைவரைக்கும்.

யாருடையது என்று கேட்கவில்லை நான்.
அவனே சொன்னான்:
"தண்டவாளத்துக்கு இவ்வளவு என்று கூலி.
மேஸ்திரி கணக்கில் திருடுவான்.
அதனால் நானும் எழுதி வைத்தேன்."
கொஞ்சம் கழித்து,
"கடைசியில் அவன் எண்ணிக்கைதான் சரி.
நான் இரண்டு கூட எழுதியிருந்தேன்."

தொட்டுப் பார்த்தேன்.
சின்னப் பேனாக்கத்தி, ஆனால் அழுத்தமான கை.
சில கோடுகள் சாம்பலோடு நின்றன,
சில பச்சைவரை.
ஒன்றிரண்டில், அடியில்,
அந்தச் செங்கல் தெரிந்தது.

பெரனீஸ் நோட்டைத் திறந்தாள்.
"பக்கத்தில் ஒரு அட்டை வைக்கலாம். என்ன எழுதட்டும்?"
"புட்டி வைத்து மூடுங்கள்" என்றான் லீண்டர்.
ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

புட்டி டப்பா என் காலடியில்தான் இருந்தது.
மூடியைத் திறந்தேன்.
திரும்ப மூடினேன்.
அல்ஃபோன்சஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

ஜூலையில் மியூசியம் திறந்தது.
சுவரெல்லாம் சிவப்பு; ஓட்டில் வாக்கு எண்ணி முடிவானது.
டிக்கெட் அறையில் ஒரு நிலைமட்டும்
அழுக்குப் பழுப்பாக நிற்கிறது.
அட்டை கிடையாது.
வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
ஏன் இதை மட்டும் விட்டுவிட்டீர்கள்?

பெயின்ட் தீர்ந்துபோச்சு என்கிறேன்.
இந்த ஊரில் தீராத பொருள் ஏது,
நம்பிவிடுகிறார்கள்.