பத்தாம் தேதிக் கிடார்

மாதத்தில் பதினாறு நாள்தான்
எனக்குக் கிடார் உண்டு.
மற்ற நாட்களில் அது
பாவுத்திச் சந்தைக்குப் பின்னால்
ராய்முண்டின் அடகுக் கடையில் தொங்கும்,
ஒரு துளைபோடும் இயந்திரத்துக்கும்
யாரோ ஒருத்தியின் கல்யாணக் காலணிக்கும் நடுவில்.

இருபத்தாறாம் தேதி எண்பது ஸ்லோட்டிக்கு வைப்பேன்.
பத்தாம் தேதி சம்பளம்.
தொண்ணூற்றிரண்டு கொடுத்து மீட்பேன்.
அந்தப் பன்னிரண்டை மாதாமாதம் சேர்த்திருந்தால்
இந்நேரம் இன்னொரு கிடாரே வாங்கியிருக்கலாம் என்கிறாள்
மகள் கொர்னேலியா.
கணக்கு சரிதான்.
சேர்க்க முடிந்தவர்களின் கணக்கு.

வாங்கின புதிதில்
கம்பிக்கும் கழுத்துக்கும் இடையே
ஒரு சுண்டெலி புரண்டு படுக்கலாம்.
அழுத்தினால் விரலில் கோடு விழும்,
சத்தம் விழாது.
பணிமனைத் தச்சரிடம் அரைத்தாள் உப்புத்தாள் கேட்டு வாங்கி
கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைக் கழற்றி
ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன்.
அளவு மிஞ்சிவிட்டது.
ஆறு கம்பியும் குளவியாக இரைந்தன.
பழைய டிராம் சீட்டை நாலாக மடித்துப்
பட்டைக்கு அடியில் செருகினேன்.
குளவிகள் போயின.
வூட்ஜ் நகராட்சிக்கு நன்றி.

மீட்டும் வில்லை,
காலாவதியான என் பயண அட்டையில் வெட்டியது.
என் முகத்தில் பாதி அதில் இருக்கிறது.
இடது கண்ணால்தான்
மூன்றாம் கம்பியைத் தொடுகிறேன்.

நூலகத்துப் புத்தகத்தில்
எஃப் இருக்கும் பக்கத்தில் யாரோ காப்பி சிந்தியிருந்தார்கள்.
கறையையும் ஒரு புள்ளி என்று நம்பி
ஐந்தாவது விரலுக்கு எங்கே போவது என்று
ஒரு மாதம் தவித்தேன்.

கிடார் இல்லாத இரவுகளில்
டிராம்களைக் கழுவும்போது
துடைப்பக் கட்டையின் மேல்
ஆள்காட்டி விரலைக் குறுக்கே கிடத்தி
மற்ற மூன்றையும் அதனதன் இடத்தில் ஊன்றுவேன்.
பனிச்சேறு, சூயிங்கம், சில நாள் வாந்தி.
கட்டையிலிருந்து தப்பு ஸ்வரம் வராது,
அது ஒரு வசதி.
ஆனால் இரண்டு வாரத்தில்
விரல்நுனிக் காய்ப்பு உரிந்து
உள்ளே குழந்தைத் தோல் எட்டிப் பார்க்கும்.
மீட்டுவந்த முதல் நாள்
மறுபடியும் எரியும்.
வட்டி என்று இதையும் சொல்லலாம்.

வைக்கப் போகும்போதெல்லாம்
ராய்முண்ட் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பார்,
துளைக்குள் டார்ச் அடிப்பார்,
'எண்பது' என்பார்.
இந்த முறை கட்டைவிரலில் துணிக்கட்டு.
ரொட்டி அறுத்தபோதாம்.
'வேலை செய்யுதா? நீயே காட்டு.'

எனக்குப் பின்னால் மைக்ரோவேவைக்
கைக்குழந்தை மாதிரி சுமந்துகொண்டு ஒருவர்.
கிடார் சுற்றிவந்த குப்பைப் பையைக் காலடியில் போட்டேன்.
சி. ஏ மைனர்.
விரல் மாற நேரமானது,
வரிசையே காத்திருந்தது.
எஃப்.
ஆறு கம்பியும்.
ஒன்றுகூட விக்கவில்லை.
ஜி-யில் சொதப்பினேன், அதை விடுங்கள்.

ராய்முண்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'நல்லா பேசுதே. நூறு போட்டுக்கிறேன்.'

நூறு என்றால்
மீட்க நூற்றுப் பதினைந்து.
நன்றாக வாசித்த குற்றத்துக்கு
மூன்று ஸ்லோட்டி வட்டி கூட.

'எண்பதே போதும்,' என்றேன்.

அந்தக் கல்லாவுக்கு முன்னால்
இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை போலிருக்கிறது.
பேனா அப்படியே நின்றது.
'அப்போ அந்த இருபதை
என் மைக்ரோவேவில் சேர்த்துப் போடுங்க,'
என்றார் பின்னால் நின்றவர்.

துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள்
ஈரப் பஞ்சை வைத்து
கம்பிகளுக்கு அடியில் நுழைத்தேன்.
ஹீட்டர் பக்கம் மாட்டாதீர்கள் என்றேன்,
பலகை வெடித்துவிடும் என்றேன்.
மாட்டுவார், தெரியும்.
பஞ்சு பிஸ்கட்டாகத்தான் திரும்பி வரும்.

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.
குப்பைப் பையை மடித்துக் கோட்டுக்குள் வைத்தேன்.
இடது கை விரல்களைக்
கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.
இன்னும் கெட்டி.

நல்லவேளை, பிப்ரவரி.
பன்னிரண்டே நாள்.