கடைந்தெடுத்தது

ஆகஸ்ட் காற்றில் லாக்லன் பெக்கின் பிளம் மரம்
வேலி தாண்டிச் சாய்ந்தது
ஐல்சாவின் கோழிக்கூட்டின் மேல்.
இரண்டு கோழிகள் செத்தன.
மூன்றாவது அன்றைக்கும் முட்டை இட்டது.

"உன் பக்கம் கிடக்கு, இனி உன் மரம்"
என்றான் லாக்லன், கையுறையைக்கூடக் கழற்றாமல்.
அவனுக்கேற்ற வசவு அவர்கள் மொழியில் இல்லை.
நான் கடன் தருகிறேன்:
கடைந்தெடுத்த முட்டாள்.

ரிவர்ட்டன் ஊரில் வாரம் நாலு நாள்
அடுத்தவர் பல்லில் காரை சுரண்டுகிறவள் ஐல்சா.
எந்தக் கோணத்தில் கருவி கடிக்கும், எதில் வழுக்கும்
என்பது மணிக்கட்டுக்கே தெரியும்.
மிச்ச நாட்களுக்கு,
கார் நிற்க வேண்டிய இடத்தில் லேத் நிற்கிறது.
கார் மழையில்.
இதுவரை கடைந்ததில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை.
மிளகு அரைக்கும் குழல் ஒன்று, மூடி சேராது.
கலியாணத்துக்குக் கொடுத்த மெழுகுவர்த்தித் தாங்கி,
விவாகரத்துக்குப் பின் திரும்பி வந்தது.
எல்லாமே தடிமன்.
பயத்தில் எப்போதும் சீக்கிரம் நிறுத்திவிடுவாள்.

பச்சை மரம். வேகம் பிடித்ததும்
முகக்கவசமெல்லாம் சாறு.
குடை உளியிலிருந்து ஈரச் சுருள்
தோளைத் தாண்டி ஓடியது, ஊதாவும் ஆரஞ்சுமாய்.
திடீரென்று ஒரு கிறீச்.
நிறுத்திப் பார்த்தால் மரத்துக்குள் ஆணி,
அதைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறை.
பல் பிடுங்குவதற்கு அவளுக்கு உரிமம் இல்லை.
இதைப் பிடுங்கினாள்.

பிறகு என்ன வந்ததோ, நிறுத்தவில்லை.
சுவர் மெலிய மெலிய
விளக்கு வெளிச்சம் மரத்துக்குள் ஊறி
தேன் நிறத்தில் மறுபக்கம் வந்தது.
விரலால் தட்டினாள். நல்ல சத்தம்.
இன்னும் ஒரே ஒரு இழைப்பு.
நல்ல சத்தம்.
இன்னும் ஒன்று.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததென்பார்கள்.
இவள் கடைந்ததே தாழியை அல்லவா.
கிண்ணம் கழன்று பறந்து
சுருள் குவியலில் விழுந்து பிழைத்தது.
அதன் அடி மட்டும்
சக்கின் நாலு தாடைகளுக்கிடையில்
ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

யார் கடைந்தெடுத்த முட்டாள் என்பதை
மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

அடியில்லாததை வேலிக்கம்பின் தலையில்
கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.
இரவு காற்று அதையும் எடுத்தது.
காலையில் லாக்லன் வேலியோரம் நின்றான்,
ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால்
அவளைப் பார்த்தபடி.
"என் பக்கம் கிடந்தது" என்றான்.
கறையைத் தடவி,
"தோட்டக் குழாய் மாட்ட நான் அடிச்ச ஆணி" என்றான்.
கோழிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது அவன் வாசலில் ஒயர் அந்த ஓட்டை வழியே இறங்கி
பல்பு எரிகிறது.
காயக் காய மரம் கோணி, வட்டம் முட்டையாகிவிட்டது.
கறை இருக்கும் இடத்தில்
நடைபாதையில் கட்டைவிரலளவு இருட்டு.
தபால்காரர் கேட்டாராம், யார் செய்ததென்று.
"என் மரம்" என்றானாம்.

அடி அவளிடம்தான் இருக்கிறது.
சமையலறை ஜன்னலில்,
எதிர்வீட்டு வெளிச்சத்தைப் பார்க்காததுபோல் பார்த்து
தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைக்கிறாள்.
ஆடுகிறது.