மைனஸ் கடைசியில்

யாகுத்ஸ்கில் காலை எட்டே முக்கால்.
இன்னும் விடியவில்லை.
மைனஸ் நாற்பத்தொன்பது என்கிறது போன்,
யாருடைய வயதையோ சொல்வது போல.

நான்கு மாடி இறங்கி வருகிறேன்
பாட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.
இரவெல்லாம் அது வீட்டுக்குள்
வெந்நீர்க் குழாயின் அடியில் கிடந்தது.
வெளியே விட்டால் செத்துவிடும்.
அக்டோபர் வரை இதைத் தூக்கியவன் நூர்குன்.
அதற்குப் பிறகு
என் கோட்டுதான் முன்பக்கம் தேய்கிறது.

அவன் கீழே முற்றத்தில் நிற்கிறான்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டிலிருந்து
முதல் வேனில் வந்திருக்கிறான்.
புருவத்தில் உப்புப் பூத்தது போல் பனி.
"குடு" என்று கை நீட்டினான்.
நான் கொடுக்கவில்லை.

காரின் மேல் போர்த்திய கம்பளியை
ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம்.
படுக்கைப் போர்வை என்றால்
மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வரவேண்டியிருக்கும்.
இது பலகையாக விறைத்திருக்கிறது.
அப்படியே தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம்.

மாட்டும்போது முதலில் பிளஸ்,
மைனஸ் கடைசியில்.
கழற்றும்போது நேர்மாறு.
டார்ச்சைப் பிடித்தபடி அவன்
திருத்துவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறான்.
கிடைக்கவில்லை.

முதல் திருப்பலில் ஒரு முனகல்.
இரண்டாவதில் அதே முனகல், கொஞ்சம் கோபத்தோடு.
மூன்றாவதில்
எங்கோ உள்ளே இரும்பு இரும்பை அடையாளம் கண்டு
வண்டி முழுக்க ஒரு நடுக்கம்.

இனி இருபது நிமிடம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா.
ஸ்டியரிங் வலப்பக்கம்;
இந்த ஊர்ச் சாலைக்கு அது தப்பான பக்கம்.
பதினோரு வருஷம் அவன் அங்கே, நான் இங்கே.
இன்று நான் அங்கே.
முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சீட்டைப் பின்னால் தள்ளும் கம்பியைத் தேடுகிறான்.
சீட் கல். ஸ்டியரிங் கல்.
வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன் புகை வருகிறது.

"ஆயில் மாத்தினியா?"
"மாத்தினேன்."
"எது?"
"ஜீரோ தேர்ட்டி."
"நல்லது."

அவன் மடியில் மூன்று தாள்கள்.
இரண்டாவது தாளில் கார் அவனுக்கு,
நான்காம் மாடி எனக்கு.
கம்பளியைப் பற்றி யாரும் எழுதவில்லை.
பாட்டரி காரைச் சேர்ந்ததா வீட்டைச் சேர்ந்ததா
என்று நேற்றிரவு படுத்துக்கொண்டே யோசித்தேன்.
குழாயடியில் அதற்கு விரித்திருக்கும் துண்டு
அவனுடையது.

ஹீட்டர் காற்று முதலில் குளிராகத்தான் வரும்.
கண்ணாடியில் நாணயம் அளவுக்கு ஒரு துளை தெளிந்தது.
அதில் ஒரு விளக்குக் கம்பம்.
துளை தட்டு அளவானபோது
கம்பத்தடியில் மூன்றாம் மாடி லுகேரியா, நாயோடு.
நாய் ஒவ்வொரு காலாகத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.
அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.
அவளுக்குத் தெரியாது.
இருவருமே கையசைத்தோம்.

"ராத்திரில தூக்கம் வருதா?"
"மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டரியை மேலே கொண்டுவரும் புத்தி வராத
முதல் இரண்டு குளிர்காலங்களில்
மூன்று மணிக்கு இறங்கிப்போய் எஞ்சினை ஓடவிட்டு
திரும்பி வந்து
பனிக்கட்டிப் பாதங்களை என் கெண்டைக்காலில் வைப்பான்.
நான் கத்துவேன்.
கீழ்வீட்டார் விட்டத்தைத் தட்டுவார்கள்.

இப்போது ஹீட்டர் முன்னால் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான்,
புறங்கை, உள்ளங்கை,
மீன் வறுப்பது போல.

முள் எழுந்தது. கோட்டைத் தொட்டது. தாண்டியது.
முள்ளைப் பார்ப்பது ஓட்டுகிறவள் வேலை.
நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு அவன்தான் சொன்னான்:
"போலாம்."

நின்ற இடத்திலேயே உறைந்த டயர்கள்
கொஞ்ச தூரம் சதுரமாகத்தான் உருளும்.
தடக், தடக், தடக்.
வட்டமாகும் வரை அவசரப்படுத்தக் கூடாது.

பதிவு அலுவலகம் இரண்டு தெரு தள்ளி.
நடந்தால் ஏழு நிமிடம்.
வாசலுக்கு வந்தபோதும்
டயர்கள் முழுதாக வட்டமாகவில்லை.
எஞ்சினை அணைக்காமலே இறங்கினோம்.
இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான்.